முதலில் பிளாக், பிறகு ஃபேஸ்புக்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தைப் பற்றி ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் எழுதிவரும் நண்பர்களுக்கு,



உங்களில் பாதிப் பேரை நேரில் தெரியும். மீதிப் பேரை புரொஃபைல் படத்தில் தெரியும். ஏஜி ஆபீஸிலும் வங்கியிலும் ரயில்வேயிலும் முப்பது, முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்துவிட்டு, ரிடையரான மறுநாளே எழுத உட்கார்ந்தவர்கள் இதில் நிறைய. பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு வந்து, பாண்டி பஜாரில் இல்லாமல் போன கடைகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி எழுதும் பெண்கள் இருக்கிறீர்கள். டிசம்பர் வந்தால் கச்சேரி முடிந்து வீடு திரும்பி, சாப்பிடுவதற்கு முன்னால் விமரிசனம் போட்டுவிடுகிற ரசிகர்கள் இருக்கிறீர்கள். அடையாறு முகத்துவாரத்தில் பார்த்த பறவையை அன்றைக்கே படத்தோடு போடுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாகத்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். எழுதுவதை முதலில் உங்களுக்கென்று ஒரு வலைப்பதிவில் போடுங்கள். அப்புறம் அங்கிருந்து ஃபேஸ்புக்குக்கு எடுத்து வாருங்கள். ஃபேஸ்புக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இந்த மடலையே யாரும் படிக்கமாட்டீர்கள் என்று தெரியும்.

உங்களில் ஒருவர் சித்திரக்குளத்தைச் சுற்றியிருந்த வீடுகளை வாசல் வாசலாக விவரித்து ஒரு தொடர் எழுதினார். எந்த வீட்டுத் திண்ணையில் யார் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வீட்டில் முதலில் டெலிபோன் வந்தது, அந்த போனுக்கு யார் யாரெல்லாம் ஓடிப்போய்ப் பேசினார்கள் என்று ஒன்று விடாமல் இருந்தது. தொடரைவிட அதற்கு வந்த கமெண்டுகள் இன்னும் அருமை. “அது மூன்றாவது வீடு இல்லை சார், நான்காவது. மூன்றாவதில் எங்கள் பெரியப்பா குடியிருந்தார்” என்று ஒருவர் திருத்தினார். அவரை இன்னொருவர் திருத்தினார். கடைசியில் நியூஜெர்சியில் இருக்கும் ஒரு மாமி தன் ஆல்பத்திலிருந்து அந்தத் தெருவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு வழக்கைத் தீர்த்துவைத்தார்.

இன்று அந்தத் தொடரைத் தேடிப் பாருங்கள். இரண்டு பகுதி அவருடைய பக்கத்தில் கிடைக்கும். இரண்டு பகுதியை அவர் ஏதோ ஒரு குழுவில் போட்டிருக்கிறார். அந்தக் குழு நடுவில் பூட்டப்பட்டுவிட்டது; உள்ளே போக அட்மின் அனுமதி வேண்டும். மற்றவை எங்கே என்று எழுதியவருக்கே தெரியவில்லை. படம் போட்ட மாமி கணக்கை மூடிவிட்டார், படமும் போயிற்று. கூகுளில் “சித்திரக்குளம்” என்று தட்டினால் வீடு விற்கிற விளம்பரந்தான் முதலில் வருகிறது. பூட்டிய குழுவுக்குள் கூகுள் எட்டிப் பார்க்க முடியாது. அத்தனை பேர் சேர்ந்து செய்த ஆராய்ச்சி, அன்று லைக் போட்டவர்களோடு முடிந்துவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸைத் தெரியாதவர்கள் உங்களில் இருக்கமுடியாது. அந்தப் பழைய ராயர் காப்பி கிளப்பின் பெயரைச் சூட்டிக்கொண்டு யாஹூ குழுமம் ஒன்று இருந்தது. எழுத்தாளர் இரா. முருகன் போன்றவர்கள் இருந்து நடத்திய, இலக்கியமும் அரட்டையும் கலந்த திண்ணை. ‘மரத்தடி’ என்று இன்னொரு குழுமமும் இருந்தது. இன்று பெயர்பெற்ற பலரும் அங்கே கைப்பழக்கம் பெற்றவர்கள். 2019 கடைசியில் யாஹூ, குழுமங்களில் சேர்ந்திருந்ததை அழிக்கத் தொடங்கியது. 2020 டிசம்பர் 15-ஆம் தேதி மொத்தமாகக் கடையைச் சாத்தியது. முன்னாலேயே எடுத்துப் பத்திரப்படுத்தியவர்களிடம் இருப்பதுதான் மிச்சம். ஆர்க்குட் 2014-இல் போனது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது. அங்கேயும் நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

நடுவில் ஒரு பொற்காலம் இருந்தது என்று சொன்னால் பழைய ஆள் புலம்புகிறான் என்பீர்கள். கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். 2003 வாக்கில் தமிழில் வலைப்பதிவுகள் முளைத்தபோது தமிழ் எழுத்துருவே பெரும் தலைவலி. ஒருவர் டிஸ்கியில் அடிப்பார், இன்னொருவர் யூனிகோடில் அடிப்பார், படிக்கிறவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். எ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளை இறக்கி நிறுவத் தெரிந்தவருக்குத் தெருவில் தனி மரியாதை. 2004-இல் கோவைக்காரரான காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். யார் எதை எழுதினாலும் ஒரே இடத்தில் தெரிந்தது. மெரினாவில் காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் வட்டமாக உட்கார்ந்து சுண்டலும் சண்டையுமாகப் பதிவர் சந்திப்பு நடக்கும். 2007 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் ஒரு ஞாயிறு முழுக்க வலைப்பதிவர் பட்டறையே நடந்தது. பிளாக் தொடங்குவது எப்படி என்று வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பின்னூட்டம், மொக்கை, கும்மி, அனானி என்று ஒரு பரிபாஷையே அன்றைக்கு உருவானது.

அப்புறம் எல்லோரும் ஃபேஸ்புக்குக்குக் குடிபோனோம். குறை சொல்ல முடியாது. போனிலேயே எழுதலாம், டெம்ப்ளேட் தொல்லை இல்லை, போட்ட நிமிஷமே பத்துப் பேர் வந்து நிற்கிறார்கள். பிளாக்கில் ஒரு நாளைக்கு ஏழு பேர் வருவார்கள்; அதில் இரண்டு பேர் ரோபோ. திரட்டிகள் தளர்ந்தன. 2013-இல் கூகுள் ரீடரும் மூடப்பட்டது. புதுப்பதிவு வந்ததைச் சொல்ல ஆளில்லாமல் பிளாக்குகள் அநாதையாயின.

ஆனால் “பிளாக் செத்துப்போச்சு சார்” என்று நீங்கள் சொல்லும்போது ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஜெயமோகன் ‘வெண்முரசு’ முழுவதையும், 26 நாவல்களையும், 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து 2020 ஜூலை வரை தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில்தான் வெளியிட்டார். எல்லோரும் எந்தக் கணக்கிலும் நுழையாமலே படித்தார்கள். நம்ம ஊரிலேயே பாருங்கள். வி. ஸ்ரீராம் சென்னை வரலாறும் கர்நாடக இசையுமாகப் பத்திரிகைகளில் எழுதுவதைத் தன் தளத்திலும் சேர்த்துவைக்கிறார். ஒரு பழைய கட்டடத்தின் பெயரைத் தேடினால் அவர் எப்போதோ எழுதியது வந்து நிற்கிறது. அவரும் சமூக ஊடகங்களில் இருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

எது எதற்கு என்று பிரித்துப் புரிந்துகொள்ள 2015 டிசம்பர் வெள்ளம் போதும். ஒன்றாம் தேதி இரவு அடையாறு கரை புரண்டபோது எந்த பிளாக்கும் உதவவில்லை. “கோட்டூர்புரத்தில் முதல் மாடியில் வயதானவர்கள், படகு வேண்டும்” என்று ட்விட்டரிலும் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டதுதான் உயிரைக் காப்பாற்றியது. யார் வீட்டில் இடம் இருக்கிறது, எங்கே சாப்பாடு கொடுக்கிறார்கள், எந்தப் பாலம் மூடியிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. அந்த வேகத்துக்கு ஈடே கிடையாது.

தண்ணீர் வடிந்தபின் நீங்கள் எழுதினீர்களே, அது வேறு ரகம். எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, மாடிப்படியில் எத்தனையாவது படி வரை ஏறியது, எந்த அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் மூழ்கியது, எந்தச் சந்து மட்டும் தப்பித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது இதே தெருக்களில் புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டது இதைத்தான்: “2015-இல் இங்கே எவ்வளவு உயரம் வந்தது?” பதில் நம்மிடம் இருந்தது. எட்டு வருஷத்துக் காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் அடியில் புதைந்து கிடந்தது. அன்றே ஒருவர், “2015 வெள்ளம்: எங்கள் தெருவில் நடந்தது” என்று தலைப்பிட்டு பிளாக்கில் ஏற்றியிருந்தால், வீடு பார்க்க வருகிறவர் புரோக்கர் சொல்வதை நம்பவேண்டியிருக்காது.

பத்திரப்படுத்துவது என்றால் என்ன என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். கோட்டையூர் முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் தொடங்கியது. அவர் புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று யாரும் வைத்துக்கொள்ள நினைக்காத காகிதத்தையும் சேர்த்தார். இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் தேடிவந்து பார்ப்பது அந்தக் காகிதங்களையுந்தான். காகிதத்தைப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒருவர் காப்பாற்ற முடிந்தது. உங்கள் ஃபேஸ்புக் போஸ்டை, இன்னொரு முத்தையா பிறந்து வந்தாலும், எடுத்துவைக்க முடியாது. வாசலிலேயே லாகின் கேட்கும். திறந்த வலைப்பக்கங்களை 1996 முதல் சேமித்துவரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் உங்கள் பிளாக்கை எளிதில் பிரதியெடுத்து வைக்கும். நண்பர்களுக்கு மட்டும் என்று போட்ட போஸ்டைத் தொடக்கூட முடியாது.

சரி, எப்படித் தொடங்குவது? பிளாக்கரா, வேர்ட்பிரஸ்ஸா என்று ஒரு மாதம் யோசிக்காதீர்கள். ஜிமெயில் வைத்திருப்பவர் பிளாக்கரில் கால் மணி நேரத்தில் தொடங்கிவிடலாம், காசு கிடையாது. வேர்ட்பிரஸ்ஸில் அழகும் வசதியும் அதிகம், பராமரிப்பும் அதிகம். சொந்தமாக சர்வர் இடம் வாடகைக்கு எடுத்து நடத்துகிறேன் என்று அறுபத்தைந்து வயதில் கிளம்புவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தளம் திறக்காமல் நின்றால் பெங்களூரில் இருக்கும் பிள்ளையைத்தான் கூப்பிடுவீர்கள். அவன் “அப்பா, ஃபேஸ்புக்லயே எழுதேன்” என்பான்.

சொந்த முகவரி, அதாவது டொமைன், வாங்கினால் நல்லது. ஏன் என்பதற்கு இரண்டு பழைய கதைகள். 2006 ஜூலையில் மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின், சில பக்கங்களை முடக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட்டையே ஒட்டுமொத்தமாக மூடிவிட்டன. பாகிஸ்தானில் அதே வருஷம் பிளாக்ஸ்பாட் தடைபட்டபோது அங்கத்தியவர்களுக்காக அமைத்த மாற்றுவழியில் புகுந்து, நம் பதிவுகளை நாமே படித்தோம். இரண்டாவது கதை இன்னும் விசித்திரம். கூகுள் 2012-இல் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டது. பலரும் அந்த ‘இன்’ முகவரியையே எல்லா இடத்திலும் ஒட்டிவைத்தோம். 2020-இல் அந்த டொமைன் கூகுளின் கையைவிட்டு வேறு யாரிடமோ போய்விட்டது. லட்சக்கணக்கான இணைப்புகள் ஒரேயடியாகச் செத்தன. உங்கள் பழைய இணைப்பு ஏதாவது திறக்கவில்லை என்றால், கடைசியில் இருக்கும் ‘இன்’ என்பதை ‘காம்’ என்று மாற்றிப் பாருங்கள். பதிவு பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

டொமைனில் ஒரு சிக்கலும் உண்டு, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்க ஒருவர் வேண்டும். எழுதியவர் காலமானபின் பணம் கட்ட ஆளில்லாமல், நல்ல நல்ல தளங்கள் சூதாட்ட விளம்பரப் பக்கங்களாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். ஓசியில் பிளாக்ஸ்பாட்டில் எழுதியவரின் பதிவு அவருக்குப் பின்னும் அப்படியே நிற்கிறது. ஆகவே, வீட்டில் பொறுப்பெடுத்துக்கொள்ள ஒருவர் சம்மதித்தால் மட்டும் டொமைன் வாங்குங்கள். இல்லையென்றால் இலவச முகவரியே போதும். ஆனால் இலவச முகவரியிலும் ஒரு கவனம் வேண்டும்: இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023-இல் கூகுள் கொண்டுவந்த விதி. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தெரிவிக்கவேண்டும், யார் எடுத்துக்கொள்ளலாம் என்று குறித்துவைக்க கூகுள் கணக்கின் அமைப்புகளிலேயே இடம் இருக்கிறது. ஃபேஸ்புக்கிலும் இப்படி ஒருவரை நியமிக்கலாம். வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு நாமினியின் அருமையை நான் சொல்லவேண்டியதில்லை. மகளையோ மருமகனையோ பக்கத்தில் உட்காரவைத்து இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

எழுதிப் போடும்போது கவனிக்க சில விஷயங்கள் உண்டு. ஃபேஸ்புக் போஸ்டுக்குத் தலைப்பு கிடையாது. பிளாக்கில் தலைப்புதான் வாசல். “நினைவலைகள் 7” என்று வைத்தால் எந்த ஜென்மத்திலும் யாரும் தேடிவரமாட்டார்கள். “கச்சேரி ரோடு அச்சகங்கள், 1970கள்” என்று வையுங்கள். மயிலாப்பூர் என்று ஒரு பதிவிலும், மைலாப்பூர் என்று அடுத்ததிலும், மயிலை என்று மூன்றாவதிலும் குறிச்சொல் போட்டால் மூன்றும் மூன்று அலமாரிக்குப் போய்விடும், ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும், இணைய முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக முழ நீளத்துக்கு வால் முளைக்கும். பார்க்கிறவர் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து ஏற்றாதீர்கள். அது சுருங்கி வருகிறது. எந்த நாளில் எடுத்தது என்று படத்துக்குள் பதிந்திருந்த தகவலும் உதிர்ந்துவிடுகிறது. ஒரிஜினலை ஏற்றுங்கள். கீழே எந்த இடம், எந்த வருஷம், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று எழுதுங்கள். “அந்த நாள் ஞாபகம்” என்ற வாசகம் யாருக்கும் உதவாது.

அப்புறம் ஃபேஸ்புக். வெறும் இணைப்பை மட்டும் போட்டால் ஒருவரும் தொடமாட்டார்கள். நீங்களே அடுத்தவர் இணைப்பைத் தொடுவதில்லை. முதல் இரண்டு பத்தியை முழுதாகக் கொடுங்கள், நல்ல இடத்தில் நிறுத்துங்கள். இணைப்பு வைத்த போஸ்டுகள் அவ்வளவாகப் பலர் கண்ணில் படுவதில்லை என்பதால் நம்மவர்கள் “லிங்க் முதல் கமெண்டில்” என்று ஒரு வழக்கம் கண்டுபிடித்திருக்கிறார்கள். எலான் மஸ்க்கே எக்ஸில் இணைப்பைப் பதிலில் போடச் சொன்ன ஆள்தான். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழே எழுதும் இணைப்பைத் தட்டவே முடியாது. புரொஃபைலில் பிளாக் முகவரியை ஒரு தடவை வைத்துவிட்டால் தீர்ந்தது.

வேலை அதோடு முடியவில்லை. முக்கியமான பாதி இதற்கு அப்புறந்தான். ஃபேஸ்புக்கில் வரும் திருத்தங்களை, நான்காவது வீடா மூன்றாவது வீடா என்ற வழக்கை, சொன்னவரின் சம்மதம் கேட்டு பிளாக் பதிவின் கீழே சேர்த்துவிடுங்கள். கூட்டம் அங்கே கூடட்டும், தீர்ப்பு இங்கே பதிவாகட்டும்.

எல்லாவற்றையும் ஏற்றவேண்டும் என்பதில்லை. அரசியல் சண்டை, குட்மார்னிங், மெட்ரோ வேலையால் அரை மணி நேரம் டிராஃபிக்கில் நின்ற கோபம், இவையெல்லாம் ஃபேஸ்புக்கிலேயே பிறந்து அங்கேயே சாகட்டும். பேரக் குழந்தைகளின் படத்தையும் உயிரோடிருக்கும் அக்கம்பக்கத்தாரின் வீட்டு விவகாரத்தையும் பிளாக்கில் ஏற்றாதீர்கள். ஃபேஸ்புக்கில் நாலு நாளில் மறந்துபோகிற வம்பு, தேடலில் வருஷக்கணக்காக நிற்கும். மாதத்துக்கு இரண்டு நல்ல பதிவு ஏறினால் தாராளம்.

பணம் வருமா என்று சிலர் கேட்கிறீர்கள். கூகுளின் விளம்பரச் சேவை 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. வருகிற காசு ஃபில்டர் காப்பிக்கே எட்டுமா என்பது சந்தேகம். பெரும்பாலோர் அந்த விளம்பரங்களை வைக்காமலிருப்பதே நல்லது. பக்கமாவது பார்க்க லட்சணமாக இருக்கும்.

உங்களில் அடையாறுக்காரர் ஒருவர் பல வருஷமாகப் பறவைகளைப் பற்றி ஒரு சமூக ஊடகத்தில் எழுதிவந்தார். ஒருநாள் காலை கணக்கு திறக்கவில்லை, யாரோ கைப்பற்றிவிட்டார்கள். புகார் மேல் புகார் கொடுத்தும் திரும்பவில்லை. எந்த மாதம் எந்தப் பறவை முகத்துவாரத்துக்கு வந்தது என்ற கணக்கு முழுக்க அதில் இருந்தது. இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்றிரவே ஃபேஸ்புக் அமைப்புகளுக்குப் போய், உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளும் வசதியைத் தட்டி, எழுதியதெல்லாம் அடங்கிய கோப்பை வாங்கி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். பிளாக் தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் இது கட்டாயம்.

டிசம்பர் கச்சேரிகள் ஆரம்பித்துவிட்டால் உங்களைப் பிடிக்க முடியாது. அதற்குள் இறக்கிய கோப்பிலிருந்து உங்களுக்கே பிடித்த பத்துப் பதிவுகளை எடுத்து, எழுத்துப்பிழை திருத்தி, முதலில் எழுதிய தேதியையே போட்டு பிளாக்கில் ஏற்றுங்கள். சித்திரக்குளம் தொடரை எழுதியவரே, முதலில் நீங்கள். விட்டுப்போன பகுதிகளை ஸ்கிரீன்ஷாட்டாக வைத்திருப்பவர்கள் அவருக்கு அனுப்பிவையுங்கள். நியூஜெர்சி மாமியைத் தெரிந்தவர்கள் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தாருங்கள். முகவரி தயாரானதும் எனக்குச் சொல்லுங்கள், முதல் பின்னூட்டம் நான் போடுகிறேன்.

அன்புடன்,
மந்தைவெளியிலிருந்து ஒரு பழைய வலைப்பதிவர்